ஏறாமல் விட்ட வண்டிகள்

நவம்பர் 10, ஞாயிறு

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தேன். விசா இழுத்தடித்ததில் பிரசவத்துக்கு இருக்க முடியவில்லை. பேத்தி பிறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. தலை நிறைய முடி. மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. ஆதிரா என்று மாப்பிள்ளை பெயர் பதிந்திருக்கிறார்.

மகள் சுபாஷினி மெலிந்திருக்கிறாள். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும். என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். "வந்துட்டியாம்மா" என்றாள். அவ்வளவுதான்.

விமான நிலையத்திலிருந்து மாப்பிள்ளை கதிரேசன் என்னை ரயிலில்தான் கூட்டி வந்தார். எஸ்-பான் என்கிறார்கள். நம் தாம்பரம்–பீச் மின்சார வண்டி மாதிரி, ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்க்கிற வண்டி. கேட் கிடையாது, டிக்கெட் கேட்க ஆள் கிடையாது. விருதுநகர் ஜங்ஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் டிக்கெட் கொடுத்தவள் நான். கையில் டிக்கெட் இருந்தும் திருட்டுத்தனமாகப் போகிற மாதிரியே இருந்தது.

"யாருமே கேக்க மாட்டாங்களா மாப்ளே?"

"திடீர்னு வந்து நிப்பாங்க அத்தை. மாட்டினா அபராதம்."

வீடு மரியன்பிளாட்ஸ் என்கிற இடத்தில், நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை.

நவம்பர் 13, புதன்

பூண்டுக் குழம்பு, பால் சுறா கிடைக்காததால் ஏதோ ஒரு வெள்ளை மீன். கொண்டுவந்த பிரசவ லேகியத்தை சுபா வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிட்டாள். சின்ன வயசிலிருந்தே மருந்துக்கு அடம்தான்.

அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் மஞ்சள் வண்டி ஒன்று மலைச்சரிவில் ஏறிப்போகிறது. தண்டவாளத்துக்கு நடுவில் பல்லுப்பல்லாக இன்னொரு தண்டவாளம், நம் ஊட்டி ரயில் மாதிரி. முன்னால் சைக்கிள்களை மட்டும் ஏற்றின ஒரு குட்டிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது! சைக்கிளுக்குத் தனிப்பெட்டி கொடுத்த ரயில்வேயை இன்றுதான் பார்த்தேன்.

சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் கேட்டேன். மனிதர் உற்சாகமாகிவிட்டார். இங்கே பல்சக்கர ரயில், கயிற்றில் இழுக்கும் ரயில், பாதி தூரம் ரோட்டிலும் பாதி தூரம் பாதாளத்திலும் ஓடுகிற டிராம், எஸ்-பான், அதற்கு மேல் அதிவேக ரயில் என்று எல்லாம் இருக்கிறதாம். ஜப்பானில் வேலை பார்த்தபோது புல்லட் ரயிலில் காபி டம்ளரை ஜன்னலோரம் வைத்தால் ஆடாதாம். இந்த நாட்டிலேயே வடக்கே ஒரு ஊரில் ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு போகிறதாம்.

"தலைகீழாவா?"

"நேராதான் அத்தை. சக்கரம் மேல இருக்கும், பெட்டி கீழ தொங்கும். சுபாவும் நானும் பார்க்கப் போறதா இருந்தோம்."

சுபா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

குழந்தை அழுதது. அவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். நான் அடுக்களையிலிருந்து ஓடிப்போய் எடுத்தேன். அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

மாப்பிள்ளை மூனிக்குக்குக் கிளம்பினார். புது ப்ராஜெக்ட். திங்கட்கிழமை அதிவேக ரயிலில் போனால் வியாழக்கிழமை ராத்திரி வருவார். நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள்.

நவம்பர் 21, வியாழன்

இங்கே மருத்துவச்சி வீட்டுக்கே வருகிறாள். பெயர் ஹைகே. முப்பத்தைந்து வயதிருக்கும், ஆண்பிள்ளை போல் முடி வெட்டியிருக்கிறாள். குழந்தையை எடை பார்த்தாள். சுபாவிடம் ஜெர்மனில் நிறையக் கேட்டாள். சுபா ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள்.

போகும்போது என்னிடம் இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள், உங்கள் மகள் தூங்குகிறாளா என்று. தூங்குகிறாள் என்றேன். பச்சை உடம்புக்காரி விழித்துக்கொண்டுதான் இருப்பாள், அதை வெளியாளிடம் என்னவென்று சொல்வது?

டிசம்பர் 2, திங்கள்

மழை. இட்லி மாவு பொங்கவே இல்லை, ஹீட்டர் மேல் வைத்திருக்கிறேன். சுபா இன்று எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

மாப்பிள்ளை எனக்கு மாதாமாதம் புதுப்பிக்கிற ஒரு பாஸ் எடுத்துக் கொடுத்தார். அதிவேக வண்டியைத் தவிர இந்த நாடு முழுக்க எந்த ரயிலிலும், டிராமிலும், பஸ்ஸிலும் ஏறலாம். "வீட்டுக்குள்ளயே கிடக்கீங்க அத்தை. போய்ச் சுத்திட்டு வாங்க." நல்ல மனசு. வேலை பார்த்த காலத்தில் ஃப்ரீ பாஸ் இருந்தும் நான் திருச்செந்தூர், சென்னை தவிர எங்கே போனேன்?

ஆனால் எப்போது போவது? குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி இல்லாமல் தலை துவட்டி, துணி போட்டு, சமைத்து நிமிர்ந்தால் மூன்றரை மணிக்கே வெளிச்சம் குறைந்துவிடுகிறது. நேற்றும்கூடத் தெருவில் கொஞ்சம் நடக்கலாமென்று எல்லாம் முடித்து, கோட்டுப் போட்டு, செருப்புக்குப் பதில் அந்தப் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு கதவு வரை போனேன். சுபா கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தொட்டிலில் கிடந்தது. திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டேன்.

காரணம் ஒன்றுமில்லை. குளிர்.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. மண் விளக்கு இல்லை, இரண்டு சின்னக் கிண்ணத்தில் திரி போட்டு ஜன்னலில் ஏற்றினேன். எதிர்வீட்டில் அவர்கள் பண்டிகைக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள். யார் வீட்டு விளக்கென்று பார்த்தால் தெரியாது.

ஒரு விளக்கைத் தொட்டில் பக்கத்து மேஜையில் வைக்கப் போனேன். சுபா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வெக்காதம்மா. நான் தட்டிவிட்ருவேன்."

கைதவறித் தட்டிவிடுவேன் என்று சொல்ல வந்திருப்பாள். விளக்கை அடுக்களைக்கே கொண்டுபோனேன்.

டிசம்பர் 20, வெள்ளி

சாத்தூரிலிருந்து சம்பந்தியம்மாள் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா.

"என்ன மதினி, மருமக எப்படி இருக்கா? போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாளே?"

"நல்லா இருக்கா மதினி. பிள்ளையோட விளையாண்டுக்கிட்டே நேரம் போயிருது அவளுக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். சுபா கூடத்துச் சோபாவில்தான் இருந்தாள். கேட்டிருப்பாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்கு ஏனோ அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

டிசம்பர் 29, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு விடுமுறை. என்னைப் பிடிவாதமாக வெளியே அனுப்பினார். பல்சக்கர வண்டியில் ஏறினேன்! தெருவைக் கடந்து, வீடுகளை உரசிக்கொண்டு, செங்குத்தாக ஏறுகிறது. ஊர் முழுக்க ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிமிஷம் யாருமே ஞாபகம் வரவில்லை. மகள், பேத்தி, யாருமே. மேலே இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு, வேறு பக்கமாக டிராமில் இறங்கி வந்தேன். அது மலைச்சரிவில் வளைந்து இறங்கித் திடீரென்று பூமிக்குள் போய்விடுகிறது. சிரித்துவிட்டேன். பக்கத்துக் கிழவர் என்னைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் அடுக்களையில் மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். கண் சிவந்திருக்கிறது. குழம்புக்கு வெங்காயம்கூட அரியவில்லை.

"அத்தை, நான் குழந்தைக்காகன்னு லீவு கேட்டுப் பார்க்கவா? இங்க அப்பாவுக்கும் குடுப்பாங்க. ஆனா ப்ராஜெக்ட் இருக்கிற நேரம்..."

"எதுக்கு மாப்ளே? அதான் நான் இருக்கேன்ல."

அவர் தலையாட்டினார். நான் அப்படிச் சொன்னது சரிதானா என்று இப்போது எழுதும்போது யோசனையாக இருக்கிறது. என் விசா பிப்ரவரி முதல் வாரம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட இருக்க முடியாது.

ஜனவரி 7, செவ்வாய்

ஹைகே வந்தாள். குழந்தை நன்றாக எடை போட்டிருக்கிறது. பிறகு என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். சுபாவுக்கு டிப்ரஷன் இருக்கும் என்று நினைக்கிறேன் என்றாள்.

எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் கிடையாது என்றேன்.

"இது குடும்பத்தால் வருவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற ஒரு நோய். குணமாகும். ஆனால் பேசாமல் இருந்தால் குணமாகாது. டாக்டரிடம் போக அவளைக் கேட்டேன், மாட்டேன் என்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடுங்கள்."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்தாள். நல்ல பெண்தான். கொஞ்சம் அதிகம் பேசுகிறாள்.

சுபாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஜனவரி 10, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

நேற்றுப் பகல் சுபா தானாக எழுந்து கோட்டுப் போட்டாள். ரொட்டி வாங்கிட்டு வர்றேம்மா என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழந்தைக்கு நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். போயிட்டு வா ராஜாத்தி என்றேன். கதவு வரை போனவள் திரும்பி வந்து, குழந்தையைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தாள். "அம்மா, நீ நல்லாப் பாத்துக்குறம்மா" என்றாள்.

ரொட்டிக்கடை கீழ்த் தளத்திலேயே இருக்கிறது. ரசம் வைத்து இறக்கினேன். அவள் வரவில்லை. படுக்கையைச் சரி பண்ணலாம் என்று போனால் தலையணை மேல் அவளுடைய போனும், அதன் மேல் கல்யாண மோதிரமும் இருந்தன.

குழந்தையைப் போர்வையில் சுற்றி மாருடன் அணைத்துக்கொண்டு, சுபாவின் போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாலு மாடி. என் கால் எப்படி இறங்கியது என்று தெரியாது. ரொட்டிக்கடைப் பெண் கையை விரித்தாள். சதுக்கத்தில் மஞ்சள் வண்டி கிளம்ப நின்றது. ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு இறங்கினேன். பிறகு பாதாள ஸ்டேஷன் படிக்கட்டு கண்ணில் பட்டது. எனக்கு அங்கே போக விருப்பமே இல்லை. அதனாலேயே அங்கேதான் இருப்பாள் என்று தெரிந்தது.

பிளாட்பாரத்தின் கடைக்கோடியில், சுரங்கத்திலிருந்து வண்டி வெளியே வருகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஜங்ஷனில் இத்தனை வருஷம் பயணிகளைப் பார்த்தவள் நான். பயணம் போகிறவர்கள் வண்டி வரும் திசையைப் பார்ப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சுபா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வண்டி வந்தது, கதவு திறந்தது, போனது. அவள் அசையவில்லை.

நான் கூப்பிடவில்லை. சத்தம் போட்டால் திடுக்கிடுவாள். மெதுவாக நடந்து போய் அவளுக்கும் பிளாட்பார விளிம்புக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"சுபா. பாப்பாவைக் கொஞ்சம் பிடி, கை வலிக்குது."

"வேணாம்மா."

"ஏன்?"

"எங்கிட்டக் குடுக்காத. குடுக்காதம்மா."

"சரி. குடுக்கல."

"எத்தனையோ வண்டி போயிருச்சு. எதுலயும் ஏற முடியல. வீட்டுக்கும் வர முடியல." அவள் பல் குளிரில் தந்தியடித்தது. "எனக்குப் பயமா இருக்கும்மா. என்னைப் பாத்தே பயமா இருக்கு."

அடுத்த வண்டி வருகிற காற்று என் முதுகில் அடித்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், விடவில்லை. வண்டி நின்று கதவு திறந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். எங்கே போகிற வண்டி என்று தெரியாது. பாஸ் வீட்டில் கைப்பையில். வாழ்க்கையில் முதல்தடவையாக டிக்கெட் இல்லாமல் ரயிலேறினேன், அதைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை.

உட்கார்ந்ததும் ஹைகேயைக் கூப்பிட்டேன். என் இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கம் என்றேன், ப்ளீஸ் கம் என்றேன். எங்கே இருக்கிறீர்கள் என்றாள். வண்டி நின்ற இடத்துப் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சுட்ஹைமர் பிளாட்ஸ். அங்கேயே இறங்கி நில்லுங்கள், காரில் வருகிறேன் என்றாள்.

இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் கயிற்று ரயில் நின்றது. தேக்கு மரத்தில் செய்த பழைய பெட்டி. குளிரில் குழந்தை வீறிட்டு அழுதது. வண்டிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். டிக்கெட் இல்லை என்று சைகை செய்தேன். உட்காருங்கள் என்று மறுபடியும் காட்டினார். நேரமானதும் பெட்டி மரங்களுக்கு நடுவே மேலே ஏறியது. பாதி வழியில் இன்னொரு பெட்டி எங்களைத் தாண்டிக் கீழே போனது. மேலே போய்ச் சேர்ந்தும் நாங்கள் இறங்கவில்லை. அவரும் இறங்கச் சொல்லவில்லை.

அந்தப் பெட்டிக்குள்தான் சுபா பேசினாள். பாப்பாவை எடுக்கும்போதெல்லாம் கீழே போட்டுவிடுவோமோ என்று தோன்றுகிறதாம். ஜன்னல் பக்கம் போனால் அதைவிடக் கெட்டதெல்லாம் தோன்றுகிறதாம். அதனால்தான் தொடுவதில்லையாம். "நான் இல்லேன்னா பாப்பா பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். ரொட்டி வாங்கிட்டு வர்றேன் என்று சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீதான் எல்லார்கிட்டயும் நான் நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருந்தியேம்மா."

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஒரு தோளில் மகள், ஒரு தோளில் பேத்தி.

கீழே வந்தபோது ஹைகே நின்றுகொண்டிருந்தாள். சுபாவை ஒன்றும் கேட்கவில்லை, கட்டிக்கொண்டாள். காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுபாவை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மூனிக்கிலிருந்து கிடைத்த வண்டியில் ஏறி வந்து சேர்ந்தார்.

ஜனவரி 11, சனி

ஆதிராவுக்குப் புட்டிப்பால். சமைக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்குகிற பிரிவு ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது. ஊருக்கு வெளியே, எஸ்-பானில் போய் இறங்கி நடக்க வேண்டும். சுபா மருந்து சாப்பிடுகிறாள். பயப்படுகிறவர்கள் யாரும் பிள்ளையைப் போட்டுவிடுவதில்லை என்று டாக்டர் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். நர்ஸ் பக்கத்தில் நிற்க, சுபா குழந்தைக்கு நாப்கின் மாற்றினாள். மாற்றி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், மூட்டை சுமந்த ஆள் மாதிரி.

நான் கொண்டுபோன ரசம் சாதத்தைப் பார்த்து, "உப்பே இல்லம்மா" என்றாள். எரிச்சலாகத்தான் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது, ஏழு மாதம். கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம். அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவிடாமல் செய்தது நான்.

பிப்ரவரி 1, சனி

நாலாம் தேதி விமானம். இன்று கடைசியாக சுபாவைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் சில வாரம் அங்கே இருக்க வேண்டுமாம். முழுக்கச் சரியாகவில்லை. காலையில் அழுதாளாம். மத்தியானம் ஆதிராவை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பேசினாள். போகும்போது, "ஊருக்குப் போய் என்னை நெனச்சு அழுதுகிட்டு இருக்காதம்மா" என்றாள். நானும் சரி என்று சொல்லிவைத்தேன்.

திரும்பி வரும்போது எஸ்-பானில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டில் ஒரு பெண், மடியில் காய்கறிப் பை. போன் அடித்தது. சம்பந்தியம்மாள். மாப்பிள்ளை தன் அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னவர், இன்னும் சொல்லவில்லை.

"மதினி, நாலாந்தேதி கெளம்புறீகளாமே? சுபாட்டக் குடுங்களேன், ஒரு வார்த்தை பேசுவோம். எப்படி இருக்கா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது, நல்லா இருக்கா மதினி என்று. விழுங்கினேன்.

"மதினி, சுபா ஆஸ்பத்திரில இருக்கா. பிள்ளை பெத்ததுக்கு அப்புறம் அவளுக்கு மனசுல நோவு வந்துருச்சு. ரொம்ப மோசமா வந்துச்சு. போகப் பாத்தா. பொழச்சுட்டா. இப்ப மருந்து குடுக்காக, தேறிக்கிட்டு வர்றா."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "யாரு கண்ணு பட்டுச்சோ மதினி" என்றார்கள்.

"கண்ணு இல்ல மதினி, நோவு. மஞ்சக்காமாலை வந்தா வைத்தியம் பாக்குறோம்ல, அப்படித்தான்."

"சரி, சரி. ஊருக்குள்ள யாருக்கும் தெரிய வேணாம்."

"கேட்டா நான் சொல்லத்தான் செய்வேன்."

சம்பந்தியம்மாள் அழ ஆரம்பித்தார்கள். பேத்தியைப் பற்றிக் கேட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்கள்.

"அம்மா, குறை நினையாதேங்கோ."

எதிர் சீட்டுப் பெண். இலங்கைத் தமிழ். அவ்வளவு நேரமும் நான் வண்டியில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்று நினைத்துச் சத்தமாகப் பேசியிருக்கிறேன்.

"நீங்கள் கதைச்சது காதில விழுந்திட்டுது. மகளுக்கு இப்ப பரவாயில்லையோ?"

"பரவாயில்லம்மா. தேறிருவா."

அவள் காய்கறிப் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "என்ரை மூத்தவனுக்கு இப்ப பதினெட்டு வயசு. அவன் பிறந்த நேரம் எனக்கும் உப்பிடித்தான் இருந்தது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவருக்குக்கூடத் தெரியாது. அம்மா ஊரில இருந்தவ. போனில நல்லா இருக்கிறன் எண்டுதான் சொன்னனான். எப்பிடித் தப்பினன் எண்டு எனக்கே தெரியாது." முகத்தைத் துடைத்தாள். "அது ஒரு வருத்தம், ஒரு நோய் எண்டு இண்டைக்குத்தான் ஒராள் வாய்விட்டுச் சொல்லக் கேக்கிறன்."

"நீங்க எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்டேன்.

"என்ரை இடம் அப்பவே போயிட்டுது."

பக்கத்து சீட்டிலிருந்த என் பையை எடுத்துக் கீழே வைத்தேன். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் கேட்டேன். வதனா என்றாள். வண்டி சுரங்கத்துக்குள் போனது. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது, கதவு திறந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை.